சிதறு தேங்காயும் மூன்று கிரெடிட்டும்

எந்தக் கல்லூரியின் கால அட்டவணையை வாங்கிப் பார்த்தாலும் இரண்டு பாடங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்கும். ஒன்று ‘கற்றல் திறன்கள்’. மற்றது ‘பல்துறை’ என்ற சொல் எங்காவது ஒட்டியிருக்கும் ஒரு விருப்பப் பாடம். திங்கள் காலை எட்டு மணி, இல்லையென்றால் வெள்ளி மாலை நான்கு மணி. வேறு நேரம் அவற்றுக்கு வாய்ப்பதில்லை. பினாங்குப் பாலத்தில் நெரிசல் பிடிப்பதற்குள் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கும் சுங்கை பட்டாணிக்கும் கிளம்பிவிட வேண்டும் என்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ‘நேர நிர்வாகம்’ பற்றிப் பேசிப் பாருங்கள். நேர நிர்வாகத்தில் அவர்கள் நமக்குப் பாடம் எடுப்பார்கள்.

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் இந்த இரண்டு பாடங்களையும் நடத்துகிறவள் நான். கணக்கியல், மின்னியல் பொறியியல், தாதிமை, சட்டம், தொடர்பியல் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். “மிஸ், இது சிஜிபிஏல சேருமா?” என்பதுதான் முதல் வாரத்தின் முதல் கேள்வி. சிஜிபிஏ என்பது படிப்பு முழுவதற்குமான தரப்புள்ளிச் சராசரி. சேரும் என்றால் பேனா மூடி திறக்கும். இதற்காக அவர்களை நான் கோபித்துக்கொள்வதில்லை. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனில் படிக்கும் பிள்ளை ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் காசு கட்டுகிறது. கட்டிய காசுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது நியாயம்தானே.

என் கட்சி இது: இந்த இரண்டு பாடங்களையும் தனித்தனியே வைத்திருக்கும்வரை இரண்டும் உருப்படாது. எப்படிப் படிப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கச் சரியான இடம், பல துறைகள் ஒரே கேள்வியில் வந்து மோதிக்கொள்ளும் இடம்தான்.

நம் நாட்டில் இவை பிரிந்து கிடப்பதற்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. தனியார் உயர்கல்விக் கூடங்களுக்கு 2013-இல் வந்த எம்.பி.யூ. என்ற பொதுப்பாட ஏற்பாடு நான்கு பெட்டிகளாக அமைந்தது. முதல் பெட்டியில் தத்துவம், விழுமியம், வரலாறு. இரண்டாவதில் மென்திறன். மூன்றாவதில் மலேசியாவைப் பற்றிய விரிந்த அறிவு. நான்காவதில் சமூகத்தோடு இறங்கிச் செய்யும் நடைமுறை வேலை. கற்றல் திறன் இரண்டாம் பெட்டியில் போய் விழும். பல துறை தழுவிய அறிவு முதலாவதிலும் மூன்றாவதிலும் உட்காரும். எந்தத் திறனை எந்த அறிவின்மீது பழகுவது என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. 2019-இல் பழைய நாகரிகப் பாடமும் இன உறவுப் பாடமும் போய், அறமும் நாகரிகமும் பற்றிய ஒரு பாடமும் ‘ஃபல்சாஃபா டான் இசு செமாசா’ என்ற தத்துவம்–நடப்புச் சிக்கல் பாடமும் வந்தன. இரண்டாவதன் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. நடத்தும் ஆளைப் பொறுத்து அது அருமையாகவும் இருக்கிறது, ஸ்லைடு வாசிப்பாகவும் முடிகிறது.

நேர்மாறான ஒரு முயற்சி இந்தத் தீவிலேயே நடந்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1969-இல் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாகத் தொடங்கி, பின்னர் யூ.எஸ்.எம். ஆன மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், ஆரம்பத்திலேயே ‘ஃபேக்கல்டி’ என்ற மரபான பிரிவை வேண்டாம் என்றது. அதற்குப் பதில் ‘புசாட் பெங்காஜியான்’ (கல்வி மையம்) என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு துறையில் சேர்ந்த மாணவர் பக்கத்துத் துறையின் பாடத்தையும் எடுக்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட் ஒரு புவியியலாளர். மண்ணையும் மக்களையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிய துறைக்காரர் என்பதால் இப்படித் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மின்டன் முகாமில் குடியேறிய அந்த வளாகத்தைக் குளுகோர் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சுவரை அமைப்பில் இடிப்பது ஒன்று, மாணவர் தலைக்குள் இடிப்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் என்னைப் போன்ற ஆட்களிடம் விட்டிருக்கிறார்கள்.

முதலில் கற்றல் திறன். இதில் எல்லாத் துறைக்கும் பொதுவான பகுதி ஒன்று உண்டு, அது மிகச் சிறியது. நான்கைந்து வகுப்பில் முடித்துவிடலாம். அதைப் பதினான்கு வாரத்துக்கு இழுப்பதால்தான் பாடத்துக்கே கெட்ட பெயர்.

அந்தச் சிறு பகுதியில் முதலில் வருவது ஒரு கூட்டல் கழித்தல். மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடம் 120 மணி. வாரம் மூன்று மணி வீதம் 14 வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் 42 மணி கழிகிறது. மீதி 78 மணி எங்கே என்று கேட்பேன். வகுப்பில் பெரும்பாலும் அமைதிதான். அப்படி ஒரு கணக்கு இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும். தவணைக்கு 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி. இரவில் மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒருவன் இதைக் கேட்டதும் கைப்பேசியை எடுத்துத் தன் வேலை மணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டான். “மிஸ், தூங்க நேரம் இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை இல்ல” என்றான். நேர நிர்வாகம் பற்றி எந்த ஸ்லைடும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது.

அடுத்தது நினைவு. 2006-இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையை அப்படியே பலகையில் எழுதுவேன். ஒரு கூட்டத்தார் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் 42-க்கு இறங்கினார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள். இதில் உற்றுப் பார்க்க வேண்டியது முதல் ஜோடி எண்கள். திரும்பத் திரும்ப வாசிப்பவருக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், உண்மையிலேயே அப்போது தெரியவும் செய்யும். தேர்வு அந்த நிமிடத்தில் நடப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

2013-இல் ஜான் டன்லாஸ்கியும் அவர் குழுவும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுவிட்டுப் படிப்பதும்தான் உயர்ந்த பயன் தரும் வரிசையில் வந்தன. மஞ்சள் பேனாவால் கோடு போடுவது அடிவரிசையில். இதைச் சொன்னால் வகுப்பில் நான்கு நிறப் பேனா வைத்திருக்கும் பெண்கள் முகம் வாடும். கோடு போடுங்கள், ஆனால் அது படிப்பு என்று நினைக்காதீர்கள் என்பேன்.

‘நீ பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா’ என்ற வினாத்தாளை நான் தருவதில்லை. ஒருவருக்கு உரிய கற்கும் பாணியில் சொல்லிக்கொடுத்தால் அவர் கூடுதலாகக் கற்பார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். அதன் பிறகும் அந்த வினாத்தாள் சாகாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறது. “நான் விஷுவல், அதனால எனக்குப் புத்தகம் ஒத்துவராது” என்று ஒரு பிள்ளை தனக்குத் தானே பூட்டு போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

பொதுப் பகுதி இவ்வளவுதான். இதற்கு மேல் ‘எப்படிப் படிப்பது’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. கணிதம் படிப்பவர் கையில் பென்சிலோடு வரிக்கு வரி தானும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனால் அது மந்தம் இல்லை. ஆய்வுக்கூடக் கட்டுரை படிக்கும் பொறியியல்காரர் சுருக்கத்தைப் பார்த்ததும் நேராக வரைபடத்துக்குத் தாவுவார். சட்டம் படிப்பவர் தீர்ப்பைப் பிரித்தவுடன் நடந்தது என்ன, சிக்கல் என்ன, முடிவு என்ன என்று மூன்றாக உடைப்பார். வரலாற்றுக்காரர் முதல் வரிக்கு முன்னால் எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்று பார்ப்பார். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை கிடைத்தால் கணக்கியல்காரர் தலைவரின் சிரித்த படத்தைத் தள்ளிவிட்டு நிதிநிலைக் கணக்கின் பின்னிணைப்புக் குறிப்புகளுக்குப் போவார். இவர்கள் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து 1946-இல் பிரான்சிஸ் ராபின்சன் வகுத்த எஸ்.கியூ.3.ஆர். முறையை (மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, ஒப்பி, மீண்டும் பார்) சொல்லிக்கொடுப்பது கல்லூரிகளின் வழக்கம். தலைப்பும் துணைத்தலைப்புமாக இருக்கும் பாடநூலுக்கு அது அழகாகப் பொருந்தும். ஒரு கணித நிரூபணத்தை மேலோட்டமாகப் பார்த்து என்ன செய்ய?

சரி, ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு வாசிப்பு என்றால் அதை அந்தந்தத் துறையே சொல்லிக்கொடுக்கட்டுமே என்று கேட்பீர்கள். சொல்லிக்கொடுப்பதில்லை. துறைக்குள் இருப்பவருக்குத் தன் வாசிப்பு முறை ஒரு முறையாகவே தெரியாது. படிப்பது என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வேறு மாதிரி வாசிக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முட்டும்போதுதான் தெரியும்.

அந்த முட்டலுக்காக நான் எடுத்துக்கொண்ட கேள்வி தைப்பூசத் தேங்காய்.

பினாங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜோர்ஜ்டவுனிலிருந்து முருகன் ரதத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படுவார். நகரத்தார் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-இல் வந்தது. 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் ஓடுகிறது. வழிநெடுக ரோட்டில் குன்று குன்றாகத் தேங்காய் குவித்து, ரதம் நெருங்கும்போது உடைப்பார்கள். தமிழர் மட்டுமல்ல, சீனர்களும் நிறைய உடைக்கிறார்கள். ரதம் கடந்த பிறகு அந்த ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், செருப்புக்கடியில் தேங்காய்த் தண்ணீரும் ஓட்டுச் சில்லும்தான்.

கேள்வி எளிமையானது. அந்தத் தேங்காய்க்குப் பிறகு என்ன ஆகிறது, அது வேறு மாதிரி ஆக வேண்டுமா? துறைக்கு ஒருவராக ஐந்தாறு பேர் கொண்ட குழு, ஒரு தவணை அவகாசம்.

முதல் வாரம் எல்லாருக்கும் இது தங்கள் துறைக் கேள்வியாகவே தெரியும். பொறியியல் பையன் “எத்தனை தேங்காய் மிஸ்? எண் இல்லாம என்ன பேசறது?” என்பான். ஒரு குவியலின் நீள அகல உயரம், ஒரு தேங்காயின் பருமன், இடையில் விழும் வெற்றிடம், வழியில் எத்தனை குவியல், இப்படிக் கீழிருந்து ஒரு கணக்கு. சப்ளை செய்யும் லாரிகளை வைத்து மேலிருந்து ஒரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவதுதான் பாடம். தாதிமைப் பெண்ணுக்குக் கண்ணில் பட்டது அரைமூடிகள். அள்ளாமல் விட்ட ஓட்டில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டை வைக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும் என்றாள். அவள் கேள்வி ‘எத்தனை’ இல்லை, ‘எவ்வளவு சீக்கிரம் அள்ளுகிறார்கள்’. கணக்கியல் மாணவி யார் காசு என்று கேட்டாள். தேங்காய்க்குப் பக்தர் கொடுக்கிறார், அள்ளும் செலவு மாநகர் மன்றத்துக்கு, அதாவது வீட்டுவரி கட்டும் எல்லாருக்கும். இந்தோனேசியாவிலிருந்து தேங்காய் இறக்குமதி செய்யும் நாட்டில் கறிக்குத் தேங்காய்ப்பால் விலை ஏறினால் அந்தச் செலவு யார் கணக்கில் என்றும் கேட்டாள். தொடர்பியல்காரர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தேங்காயை வீணாக்க வேண்டாம் என்று விடுத்த வேண்டுகோள்களைத் தேடி எடுத்து, இதை மனம் நோகாமல் சொல்வது எப்படி என்று யோசித்தார்கள்.

எனக்குப் பிடித்த மோதல் சட்டத்தில் வந்தது. வணிகப் பிரிவு மாணவர் ஒருவர் 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை, 672-ஆம் சட்டம் என்பார்கள், தேடிப் பிடித்து ஒரு பக்கம் நிறைய எழுதிவந்தார். பிரிவு எண்ணெல்லாம் சரி. எழுத்தும் நன்றாக இருந்தது. சட்டம் படிக்கும் பெண் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினாள். “இது பினாங்குக்கு இல்லைலா. பினாங்கு இந்தச் சட்டத்த ஏத்துக்கல. கெடா, பெர்லிஸ், ஜொகூர், அங்கெல்லாம் ஓடும்.” அவர் எல்லா வரியையும் படித்திருந்தார். எங்கே செல்லும், எப்போதிருந்து செல்லும் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் துறையின் பழக்கத்தில் இல்லை. அவள் துறையில் அது மூச்சு விடுவது மாதிரி. அன்றைக்கு அந்த மேசையில் நடந்ததைத்தான் நான் கற்றல் திறன் என்கிறேன். சாட்ஜிபிடியிடம் அந்தச் சட்டத்தைக் கொடுத்துச் சுருக்கம் கேட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்று அழகாகச் சொல்லும். அது பினாங்கில் செல்லுமா என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பதிலும் கிடைக்கும்.

பழைய செய்திகளைத் தேடவும் பழக்குகிறேன். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பை வீட்டிலிருந்தே புரட்டலாம். ஆங்கிலேயர் காலத்து நிருபர் தைப்பூசத்தை எழுதியிருக்கும் விதத்தை வாசிக்கும்போது, அதுவரை ‘ஆதாரம்’ என்றால் அச்சில் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் முதல் முறையாக எழுதியவனை முறைத்துப் பார்க்கிறார்கள்.

தேங்காய் ஏன் உடைக்கிறார்கள் என்ற கேள்விக்குத்தான் எந்தத் துறையும் உடனே கை தூக்காது. ஒரு தவணையில் தமிழ்ப் பிள்ளைகள் அகந்தை உடைவது, ஓடு நார் பருப்பு என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். புலாவ் தீக்குஸ் பக்கத்துச் சீனப் பெண் ஒருத்தி, தன் பாட்டி ஆண்டுதோறும் உடைப்பவர் என்றாள். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு வருடம் தொடங்கியதாம். தாத்தா போய்ப் பல காலமாகியும் பாட்டி நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் “நிறுத்த ஒரு காரணம் வேண்டாமா” என்பாராம். அதுவரை ‘விழிப்புணர்வுப் பிரசாரம்’ என்று போஸ்டர் வரைந்துகொண்டிருந்த குழு அந்தப் போஸ்டரைக் கிழித்துப்போட்டது. குறைத்து உடையுங்கள் என்று அந்தப் பாட்டியிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது? கணக்கியலிலும் பொறியியலிலும் விடை இல்லை. ஆனால் கணக்கியலும் பொறியியலும் இல்லாமல் கேள்வியின் அளவும் தெரியாது.

மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கற்றல் திறன் கையேடுகள் எதிலும் நம் பிள்ளைகள் இல்லை. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறது, பிறகு எங்களைப் போன்ற தனியார் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு. ‘சொந்த வார்த்தையில் குறிப்பெடு’ என்கிறது கையேடு. இந்தப் பிள்ளைக்கு எது சொந்த வார்த்தை? ஒளிச்சேர்க்கை தமிழில் தெரியும், இயற்பியல் மலாயில் தெரியும், இருப்புநிலைக் குறிப்பு ஆங்கிலத்தில்தான் தெரியும். நான் சொல்வது: எந்த மொழி முதலில் வருகிறதோ அதில் எழுது, மூன்றும் ஒரே வரியில் வந்தாலும் பரவாயில்லை, ஒப்படைக்கும் தாள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வால்டர் பாக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வகுத்த குறிப்புத்தாளில் இடப்பக்கம் ஒரு குறுகலான பத்தி விட்டிருப்பார், கேள்விகளுக்கும் குறிச்சொற்களுக்குமாக. எங்கள் வகுப்பில் அந்தப் பத்தி முழுக்கத் தமிழாகவும் மலாயாகவும் இருக்கும். குழுவின் உண்மையான வாக்குவாதம் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தே தாரேக் தேநீரோடு நடக்கிறது என்பதும், அங்கே யாரும் ‘மென்திறன்’ ஆங்கிலம் பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மதிப்பெண் பிரிப்பை நான் நன்னூலிலிருந்து எடுத்தேன் என்று சொன்னால் சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய இலக்கண நூலின் தொடக்கத்திலேயே மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. கேட்டவற்றை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் எல்லாம் அங்கே வந்துவிடுகின்றன. அதைவிட எனக்குச் சுவையானது அவர் போடும் பின்னக் கணக்கு. ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் ‘காற்கூறு அல்லது பற்றலன்’, அதாவது கால்வாசிதான் தேறும். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்ச அரைப்பங்கு பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதில்தான் வருகிறது. ஆய்வகச் சோதனை செய்து வந்த எண்கள் இல்லைதான், பாடம் சொல்லிச் சொல்லிப் பழகியவர்களின் மதிப்பீடு. ஆகவே என் பாடத்தில் வகுப்பு, வாசிப்பு ஆகியவற்றுக்கு 25, குழு வேலைக்கு 25, எடுத்துரைப்புக்கு 50. எடுத்துரைப்பில் ஒரு நிபந்தனை உண்டு. தன் துறைப் பகுதியைத் தான் சொல்லக்கூடாது. பொறியியல் பையன் வேண்டுதலைப் பற்றிப் பேசுவான். தொடர்பியல் பெண் மீத்தேனைப் பற்றிப் பேசுவாள். கேள்வி கேட்பவர் அந்தத் துறைக்குச் சொந்தக்காரர்.

மீத்தேன் எங்கிருந்து வந்தது என்றால், அது இந்தப் பாடத்தின்மேல் வைக்கப்படும் வலுவான குற்றச்சாட்டோடு சேர்ந்தது. பொறியியல் துறையில் மூத்தவர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “ஒரு துறையே தெரியாத பையன் பல்துறைல என்னம்மா செய்வான்? எல்லாத்திலயும் நுனிப்புல் மேய்வான்.” இதில் பாதி உண்மை. ஒரு குழுவில் தொடர்பியல் மாணவி, தேங்காய் மக்கும் பொருள்தானே, பிளாஸ்டிக் மாதிரி கெடுதல் இல்லையே என்று முடித்துவிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தீவின் குப்பை ‘பத்து மவுங்’ என்ற இடத்தின் குப்பை மாற்று நிலையத்திலிருந்து கடல் தாண்டிப் பெருநிலத்தில் புலாவ் புரோங் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே மண்ணுக்கடியில் காற்றுப் புகாமல் அழுகும்போது பருப்பிலிருந்து புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்பும், ஓடு சீக்கிரம் மக்காது, அதே ஓட்டைத் தனியே பிரித்தெடுத்தால் நீர் வடிகட்டும் கரி செய்யலாம். இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் அந்த மேசையில் இருந்தான். இல்லாமல் போயிருந்தால் ‘மக்கும் பொருள்’ என்ற சொல்லோடு எல்லாரும் தலையாட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். ஆழம் யாரிடமாவது இருந்தாக வேண்டும்.

அதனால்தான் இந்தப் பாடத்தை முதல் ஆண்டில் வைக்கக்கூடாது என்கிறேன். முதல் தவணையில் மணிக்கணக்கையும் நினைவுச் சோதனையையும் நான்கைந்து வகுப்பில் சொல்லி அனுப்பிவிடலாம். அதற்குத் தனிப் பாடமும் வேண்டாம், கிரெடிட்டும் வேண்டாம். வாசிக்கும் திறனை இரண்டாம் ஆண்டில், கையில் கொஞ்சம் சொந்தத் துறை வந்த பிறகு, பிற துறையோடு மோதவிட்டுச் சொல்லிக்கொடுக்கலாம். இப்போது நடப்பது தலைகீழ். படிப்புத் திறனை, படிக்க இன்னும் எதுவும் கையில் இல்லாத முதல் மாதத்தில் ஊட்டுகிறோம். பல்துறைப் பாடத்தையோ, ஒரு வாரம் ஒரு விரிவுரையாளர் வந்து தன் துறையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போகும் கலந்துரை மேடையாக நடத்துகிறோம். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. பேசாத ஆட்களைப் பார்த்து மாணவர்கள் எதைக் கற்பார்கள்?

குழு வேலைக்கு மதிப்பெண் போடுவதில் உள்ள சண்டை தனிக் கட்டுரைக்கு ஆகும். ஒருவர் உழைக்க நால்வர் பெயர் போடும் கதை எல்லா ஊரிலும் உண்டு. துறைக்கு ஒருவர் என்று வைத்ததில் அது கொஞ்சம் குறைந்தது. சட்டப் பகுதி காலியாக இருந்தால் யார் செய்யவில்லை என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

அடுத்த தவணைக்குக் கேள்வியை மாற்றுகிறேன். தேங்காய் பற்றிய தாள்கள் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறத் தொடங்கிவிட்டன. ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து ‘டோபி காட்’ என்ற சலவைத்துறையை எடுக்கலாம் என்றிருக்கிறேன். தலைமுறைகளாகத் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் இருந்த இடம். ஆற்று நீரின் வேதியியல், மருத்துவமனை விரிப்பும் ஓட்டல் விரிப்பும் யார் கைக்குப் போகின்றன என்ற வணிகம், நிலத்தின் உரிமை, சாதியைப் பற்றி வாய்விட்டுப் பேச வேண்டிய ஒரு வகுப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்களிடம் முதலில் நானே போய்ப் பேசி அனுமதி கேட்க வேண்டும். மாணவர்களைக் கையில் ஒலிப்பதிவோடு திடீரென்று வாசலில் நிறுத்துவது முறையில்லை. பாடத்திட்ட மாற்றப் படிவத்தில் ‘பொறுப்பேற்கும் துறை’ என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். நுனிப்புல் என்று சொன்ன அதே மூத்தவர் தன் துறையின் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், ஆற்று நீரைச் சோதிக்கும் செலவு தன் கணக்கில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.